மூன்று இயங்குதளங்களிலும் ஒரே ஈக்யூ: கமிலாடிஎஸ்பி மதிப்புரை

அலுவலகத்தில் விண்டோஸ், பயணத்தில் மேக்புக், வீட்டு மேசையில் லினக்ஸ் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களில் புழங்குபவர்களுக்கு ஒரு குறை நன்கு பழக்கமானது. ஒரே ஹெட்போனை, ஒரே யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) வழியாக, ஒரே ஈக்யூ (ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) எண்களோடு கேட்டாலும் ஒலி ஒன்றுபோல இருப்பதில்லை. ஓரிடத்தில் அடித்தளம் (பாஸ்) கனமாக இருக்கிறது, இன்னோரிடத்தில் குரல் சற்றே முன்னால் வருகிறது, வேறோரிடத்தில் மேல்சுருதி கூசுகிறது. இது காதின் மயக்கம் என்று ஒதுக்கிவிடக்கூடிய குறை அல்ல. அளந்து பார்த்தால் வளைகோட்டிலேயே வேறுபாடு தெரியும். ஹென்ரிக் எங்க்விஸ்ட் ரஸ்ட் மொழியில் எழுதிவரும் கமிலாடிஎஸ்பி என்ற திறமூல மென்பொருள் இந்தக் குறையைத் தீர்க்கிறதா, தீர்க்குமானால் அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன். அடித்தளத்தில் மெலிந்தும் நடுப்பகுதியில் நேர்த்தியாகவும் ஒலிக்கும் இது, ஈக்யூ போட்டால் பயன் உடனே தெரியும் வகையைச் சேர்ந்தது. ஈக்யூ எண்களை, ஹெட்போன்களுக்கு ஏற்ற எண்களைக் கணக்கிட்டுத் தரும் யாக்கோ பசானனின் ஆட்டோஈக்யூ திட்டத்தின் கோப்பு வடிவிலேயே வைத்துக்கொண்டேன். அந்தக் கோப்புகளின் அமைப்பு பலருக்கும் தெரிந்திருக்கும்: முதல் வரியில் குறைக்கும் குறியோடு ஒரு ப்ரீஆம்ப் (முழு ஒலியையும் இறக்கும் அளவு) மதிப்பு, அடுத்து 105 ஹெர்ட்ஸில் க்யூ (அகலத்தின் அளவு) 0.70 உள்ள ஒரு லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள பகுதி முழுவதையும் ஏற்றியிறக்கும் ஃபில்டர்), 10,000 ஹெர்ட்ஸில் அதே க்யூவோடு ஒரு ஹை ஷெல்ஃப் (அதற்கு மேலுள்ள பகுதிக்கு அதே வேலை), இவற்றோடு ஓர் அதிர்வெண்ணைச் சுற்றி மட்டும் ஏற்றியிறக்கும் சில பீக் ஃபில்டர்கள். ஒவ்வொரு இயங்குதளத்திலும் கணினியின் வெளியீட்டை ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டுக்குத் திருப்பி, மூன்று தளங்களிலும் ஓடக்கூடிய ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளால் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (தொடர்ந்து உயரும் சோதனை ஒலி) ஓட்டி, கிடைத்த வளைகோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

எண்கள் ஒன்றாக இருந்தும் ஒலி ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் எந்த மென்பொருளையும் மதிப்பிட முடியாது. ஒரு பாராமெட்ரிக் ஃபில்டருக்கு நாம் தருவது மூன்று எண்கள்தாம்: அதிர்வெண், கூட்டல் அல்லது குறைத்தலின் டெசிபல் அளவு, அகலத்தைக் குறிக்கும் க்யூ. இவற்றிலிருந்து உண்மையான வளைகோட்டை வரைவது மென்பொருளுக்குள் இருக்கும் சூத்திரம். பெரும்பாலான மென்பொருள்கள் ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் தொகுத்தளித்த பைக்வாட் (டிஜிட்டல் ஃபில்டரின் அடிப்படை அலகு) சூத்திரங்களைப் பின்பற்றுகின்றன, எல்லாமே அல்ல. ஒவ்வோர் ஊரின் படியும் ஒவ்வோர் அளவாக இருந்த காலத்தில் 'இரண்டு படி அரிசி' என்பது எந்த ஊரில் அளந்தது என்று கேட்காமல் பொருள் தராதது போலத்தான், 'க்யூ 0.70' என்பதும் எந்தச் சூத்திரத்தில் என்று கேட்காமல் பொருள் தருவதில்லை.

ஷெல்ஃப் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன சூத்திரத்தில் 105 ஹெர்ட்ஸ் என்பது சரிவின் நடுப்புள்ளி. 6 டெசிபல் கூட்டும் ஷெல்ஃப் அந்த இடத்தில் சரியாக 3 டெசிபல்தான் கூட்டியிருக்கும். வேறு சில மென்பொருள்களில் அதே எண் சரிவு தொடங்கும் முனையைக் குறிக்கிறது. விண்டோஸின் ஈக்வலைசர் ஏபிஓவிலேயே இந்த இரண்டு வகைகளும் தனித்தனிப் பெயர்களில் உள்ளன: 'எல்எஸ்சி' என்று எழுதினால் நடுப்புள்ளி, வெறும் 'எல்எஸ்' என்று எழுதினால் முனை. ஓர் எழுத்து விடுபட்டால் அடித்தளத்தின் எடை முழுவதும் இடம் மாறிவிடும். கோப்பை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அகலத்தின் கதையும் இதைப் போன்றதே. ஆப்பிள் தன் இயங்குதளத்தோடு தரும் ஏயூ என்பேண்ட் ஈக்யூ, க்யூவைக் கேட்பதில்லை. அகலத்தை ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி) கணக்கில் கேட்கிறது. க்யூ 1.41 என்றால் ஒரு ஆக்டேவ், 0.67 என்றால் இரண்டு ஆக்டேவ், 2.87 என்றால் அரை ஆக்டேவ். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது என்பதால், மாற்றிக் கணக்கிடாமல் எண்ணை அப்படியே இட்டுவிட்டால் குறுகலாக இருக்க வேண்டிய ஃபில்டர் விரிந்தும் விரிந்திருக்க வேண்டியது குறுகியும் போகும். க்யூ 4.32 என்ற ஃபில்டர் மூன்றில் ஒரு பங்கு ஆக்டேவைத்தான் தொட வேண்டும். அதே எண்ணை ஆக்டேவ் கட்டத்தில் இட்டால் கேட்கும் வரம்பின் பாதியை அது இழுத்துக்கொண்டு போய்விடும். இதற்கும் மேலாக, அந்த ஈக்யூவின் சாதாரண ஷெல்ஃபுக்கு அதிர்வெண்ணும் டெசிபலும் மட்டுமே உண்டு, அகலம் என்ற கட்டமே இல்லை. ஆகவே ஆட்டோஈக்யூ கோப்பின் ஷெல்ஃப் வரிகளை அதில் நேருக்கு நேர் எழுத வழியில்லை.

இந்தப் பின்னணியில் ஒவ்வொரு தளத்துக்கும் உரிய கருவிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விண்டோஸில் ஜோனாஸ் தெடெரிங்கின் ஈக்வலைசர் ஏபிஓ இன்றும் மிகச் சிறந்த இலவசக் கருவி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் ஒலி அமைப்புக்குள்ளேயே இருக்கும் விளைவுச் சேர்க்கை வழியை அது பயன்படுத்திக்கொள்வதால், தனியாக மெய்நிகர் ஒலி அட்டை எதுவும் தேவைப்படுவதில்லை, தாமதமும் உணரும்படி இருப்பதில்லை. ஒலி டிரைவர் புதுப்பிக்கப்படும்போது அதன் பதிவு அழிந்துபோய் ஈக்யூ சத்தமில்லாமல் நின்றுவிடுவது உண்டு. டிவைஸ் செலக்டரைத் திறந்து மீண்டும் பதிவு செய்தால் சரியாகிவிடும். மியூசிக் பிளேயர் வாசபி எக்ஸ்க்ளூசிவ் முறையிலோ ஏசியோ வழியாகவோ (இரண்டும் விண்டோஸின் ஒலிக் கலவையைத் தாண்டிச் செல்லும் வழிகள்) ஒலியை அனுப்பினால் ஏபிஓ அதைத் தொடவே முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 'விண்டோஸில் ஈக்யூ வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு அந்த ஒரு அமைப்புதான் காரணமாக இருக்கிறது.

லினக்ஸில் நிலைமை முன்பைவிட வெகுவாகத் தேறியிருக்கிறது. 2021இல் வெளிவந்த ஃபெடோரா 34 பைப்வயரைத் தன் இயல்பான ஒலிச் சேவையகமாக ஏற்ற பிறகு, அதன்மேல் இயங்கும் ஈஸிஎஃபெக்ட்ஸ் பலருடைய அன்றாடக் கருவியாகிவிட்டது. ஈக்வலைசர் ஏபிஓ கோப்பை அது நேரடியாக உள்வாங்கும். ஆனால் அதனுள் இருக்கும் ஈக்வலைசர் எல்எஸ்பி செருகுநிரல் தொகுப்பைச் சேர்ந்தது. ஒவ்வொரு பேண்டுக்கும் (ஃபில்டருக்கும்) ஒரு கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் உண்டு. 'ஏபிஓ டிஆர்' என்ற முறையில் வைத்தால் என் அளவீட்டில் விண்டோஸின் வளைகோட்டோடு அப்படியே பொருந்தியது. கையால் எண்களை இட்டு, 'ஆர்எல்சி' முறையிலேயே விட்டுவிட்டால் பொருந்தவில்லை. பீக் ஃபில்டர்களின் தோள்பட்டைகள் வேறு இடத்தில் விழுந்தன. இந்தத் தேர்வுப் பட்டி ஓரமாக, சிறிய எழுத்தில் இருப்பதால் கண்ணில் படாமல் போவது எளிது.

மூன்றிலும் இடர் மிகுந்தது மேக்தான். தளம் முழுவதற்குமான ஈக்யூவை ஆப்பிள் தருவதில்லை. ஈக்யூமேக்கின் இலவசப் பகுதியில் பாராமெட்ரிக் வசதி கிடையாது. அது கட்டணப் பதிப்பில் இருக்கிறது. ரோக் அமீபா நிறுவனத்தின் சவுண்ட்சோர்ஸ் கட்டணம் கட்டி வாங்க வேண்டிய மென்பொருள். ஆனால் ஒவ்வொரு செயலிக்கும் தனி ஈக்யூ வைக்க விடுகிறது, ஆப்பிளின் ஏயூ வகைச் செருகுநிரல்களை ஏற்கிறது, ஆட்டோஈக்யூவின் ஹெட்போன் அமைப்புகளையும் உள்ளேயே தருகிறது. மேக் மட்டுமே பயன்படுத்துபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது அதைத்தான். மற்ற இரண்டு தளங்களோடும் எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும் என்றால் மட்டும் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

அந்த வேறு வழிதான் கமிலாடிஎஸ்பி. மூன்று தளங்களிலும் ஒரே கணக்கீட்டு எஞ்சின் ஓடுகிறது. லினக்ஸில் ஆல்சா, மேக்கில் கோர் ஆடியோ, விண்டோஸில் வாசபி என்று ஒலியை வாங்கிக் கொடுக்கும் விளிம்புகள் மட்டுமே மாறுகின்றன. அமைப்பு முழுவதும் யாமல் வடிவிலான ஓர் உரைக்கோப்பில் எழுதப்படுகிறது. சாதனங்கள் ஒரு பகுதி, ஃபில்டர்கள் ஒரு பகுதி, எந்தச் சானலுக்கு எந்த வரிசையில் எந்த ஃபில்டர் என்று சொல்லும் பைப்லைன் ஒரு பகுதி. தளம் மாறும்போது சாதனப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஃபில்டர் வரிகளில் கை வைக்க வேண்டியதே இல்லை. பீக் ஃபில்டருக்கு அகலத்தை க்யூவாகவும் தரலாம், ஆக்டேவாகவும் தரலாம்; ஷெல்ஃபுக்கு க்யூவாகவோ ஓர் ஆக்டேவுக்கு இத்தனை டெசிபல் என்ற சரிவாகவோ தரலாம். எதைத் தருகிறோம் என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருப்பதால், முன்னே சொன்ன குழப்பங்களுக்கு இங்கே இடமில்லை. ஒரு மென்பொருளை எழுதுபவர் இந்த அளவுக்குத் தெளிவை வற்புறுத்தியிருப்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

அளவீட்டில் மூன்று தளங்களின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. திரையில் மூன்று நிறங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கடைசியாக வரைந்த நிறம் மட்டுமே தெரிந்தது. ஒரே விலகல், மேக்கின் ஆடியோ மிடி செட்டப்பில் சாம்பிள் ரேட்டை (வினாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்ணை) வேண்டுமென்றே 44,100 ஹெர்ட்ஸில் வைத்து, கமிலாவின் கோப்பிலும் அதே எண்ணை எழுதி, மற்ற இரண்டையும் 48,000 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தபோது வந்தது. 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஷெல்ஃபின் சரிவு சற்றே நெருங்கிக் குறுகியது. இது மென்பொருளின் பிழை அல்ல. டிஜிட்டல் பைக்வாட்கள் சாம்பிள் ரேட்டின் பாதியை நெருங்கும்போது அழுந்திக் குறுகுவது அந்தச் சூத்திரத்தின் இயல்பு. மூன்று தளங்களிலும் சாம்பிள் ரேட்டை ஒன்றாக வைத்துவிட்டால் அந்த வேறுபாடும் போய்விடும். பைப்வயரின் இயல்பு மதிப்பு 48,000 என்பதால் மற்ற இரண்டையும் அதற்கே கொண்டுவருவது எளிது.

காதால் கேட்டதிலும் இதுவே உறுதியானது. கச்சேரிப் பதிவுகளை வைத்துத்தான் நான் எப்போதும் ஈக்யூவைச் சோதிப்பேன், ஏனென்றால் மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கம்) கும்கி (கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் சறுக்கொலி) இழுக்கும்போது எழும் ஒலி லோ ஷெல்ஃப் வேலை செய்யும் பகுதியிலேயே புழங்குகிறது. ஷெல்ஃப் சற்று மேலே நகர்ந்தாலும் கும்கி உப்பி, பாடகரின் மந்திர ஸ்தாயியோடு ஒட்டிக்கொள்ளும். கீழே நகர்ந்தால் தொப்பி அட்டையைத் தட்டியது போலக் காய்ந்துவிடும். கமிலாவை இட்ட பிறகு மூன்று கணினிகளிலும் தொப்பி ஒரே இடத்தில், ஒரே கனத்தோடு உட்கார்ந்தது. தம்புராவின் மேலோசையிலும் வேறுபாடு எதுவும் கேட்கவில்லை.

இங்கே ப்ரீஆம்ப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தளங்களுக்கிடையே கேட்கும் வேறுபாடுகளில் மிகவும் ஏமாற்றுவது இதுதான். 6 டெசிபல் கூட்டும் ஃபில்டர் இருந்தால், குறைந்தது அதே அளவுக்கு முழு ஒலியையும் முன்கூட்டியே இறக்க வேண்டும். இல்லையென்றால் உச்சங்கள் டிஜிட்டல் எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியபின் என்ன ஆகிறது என்பது தளத்துக்குத் தளம் மாறுகிறது. விண்டோஸின் பகிர்வு முறையில் கடைசிக் கட்டத்தில் ஒரு லிமிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது உச்சங்களை அமுக்கிவிடுவதால் உடைசல் அவ்வளவாகக் கேட்காது, ஒலி மட்டும் தடித்து, தாள வாத்தியங்களின் அடிகள் மழுங்கும். வேறு இடங்களில் அதே கோப்பு நேரடியாகக் கிளிப் ஆகி (உச்சம் வெட்டுப்பட்டு) கரகரக்கும். இதைக் கேட்பவர் 'விண்டோஸில் ஒலி நிறைவாக இருக்கிறது, லினக்ஸில் கரடுமுரடாக இருக்கிறது' என்ற முடிவுக்கு வருகிறார். குற்றம் தளத்தின் மேல் விழுகிறது, விடுபட்ட ப்ரீஆம்ப் வரியை யாரும் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் ப்ரீஆம்ப் இருந்து மற்றோரிடத்தில் இல்லையென்றால் 6 டெசிபல் உரத்த வேறுபாடும் சேர்ந்துகொள்ளும். உரக்கக் கேட்பதே சிறப்பாகத் தோன்றுவது காதின் இயல்பு. கமிலாவில் ப்ரீஆம்பும் பைப்லைனில் ஒரு கெய்ன் ஃபில்டராக எழுதப்படுவதால், கோப்போடு கோப்பாக அதுவும் பயணிக்கிறது. தனியாக நினைவில் வைத்துச் சேர்க்க வேண்டியதில்லை.

இனி விலை. கமிலா தானாக எந்த ஒலியையும் பிடித்துக்கொள்ளாது. கணினியின் ஒலியை அதன் வாயில் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மெய்நிகர்ச் சாதனம் வேண்டும். மேக்கில் பிளாக்ஹோல், விண்டோஸில் விபி கேபிள், லினக்ஸில் ஆல்சாவின் லூப்பேக் ஆகியவை வழக்கமானவை. மெய்நிகர்ச் சாதனமும் உண்மையான டிஏசியும் தனித்தனிக் கடிகாரங்களில் ஓடுவதால், சிறுகச் சிறுக விலகி, சற்று நேரத்துக்கொரு முறை ஒலியில் சிறு வெட்டு விழும். லினக்ஸ் லூப்பேக்கிலும் பிளாக்ஹோலிலும் வேகத்தைச் சரிசெய்யும் அமைப்பை இயக்கினால் இது தீர்ந்துவிடுகிறது; விண்டோஸில் அசின்க்ரனஸ் ரீசாம்பிளரையும் (கடிகார விலகலுக்கேற்ப சாம்பிள் ரேட்டை மாற்றித் தரும் பகுதி) சேர்க்க வேண்டியிருந்தது. மேக்கில் இன்னொரு படியும் உண்டு: பிளாக்ஹோலிலிருந்து ஒலியை வாங்குவதை இயங்குதளம் மைக்ரோஃபோன் பயன்பாடாகவே கருதுவதால், டெர்மினலுக்கு மைக்ரோஃபோன் அனுமதி தராவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வெறும் மௌனமே வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கோப்பின் வரிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைப்பவர்கள் நிறைய இருப்பார்கள்.

தாமதமும் கணக்கில் வர வேண்டும். சங்க் (ஒரு தடவையில் கையாளும் மாதிரிகளின் தொகுதி) அளவு 1024, சாம்பிள் ரேட் 48,000 என்றால் ஒரு சங்க் மட்டுமே 21 மில்லிவினாடிக்கு மேல். வாங்கிக் கொடுக்கும் இடையகங்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். பாட்டுக்கு இது பொருட்டே இல்லை, படம் பார்க்கப் பொறுத்துக்கொள்ளலாம், விளையாட்டுக்கும் நேரடி இசைப் பயிற்சிக்கும் ஒத்துவராது. பெரிய பதிப்பு மாற்றங்களின்போது கோப்பின் அமைப்பிலும் மாற்றங்கள் வருவதால், மூன்று கணினிகளிலும் ஒரே பதிப்பை வைத்திருப்பது நல்லது. உலாவியில் திறக்கும் கமிலாகுயி இருப்பது பெரிய ஆறுதல். ஃபில்டரை மாற்றினால் வளைகோடு உடனே தெரிகிறது. ஆயினும் நிறுவும் வேலை டெர்மினலில்தான் என்பதால், கணினியோடு அதிகம் மல்லுக்கட்ட விரும்பாதவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாத பகுதியும் உண்டு. மடிக்கணினியின் உள் ஸ்பீக்கர்களுக்குத் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த ஒலித் திருத்தத்தை இயங்குதளத்துக்குள்ளேயே வைக்கிறார்கள். மேக்புக்கில் லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி குழுவினர், ஆப்பிளின் அந்தத் திருத்தம் இல்லாமல் ஸ்பீக்கர்கள் ஒலிக்கும் விதத்தை அளந்து, தங்களுக்கென்று புதிய ஃபில்டர்களையே உருவாக்க வேண்டியிருந்தது. ஒரே ஸ்பீக்கர், ஒரே கணினி. ஆனால் தளம் மாறினால் தொடக்கப் புள்ளியே மாறிவிடுகிறது. ஆகவே உள் ஸ்பீக்கருக்கு எழுதிய ஈக்யூவை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோவதில் பொருளில்லை. விண்டோஸில் விற்பனையாளர் சேர்த்துத் தரும் ஒலி மேம்பாடுகளை அணைத்துவிடுவதும் இதே காரணத்தால் கட்டாயம். ப்ளூடூத் ஹெட்போன்களில் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) வேறுபாடும் சேர்வதால், அவற்றை வைத்துத் தளங்களை ஒப்பிடாமல் இருப்பதே நல்லது.

விண்டோஸும் லினக்ஸும் மட்டும் வைத்திருப்பவருக்குக் கமிலா தேவையில்லை. ஈக்வலைசர் ஏபிஓவும், ஏபிஓ டிஆர் முறையில் வைத்த ஈஸிஎஃபெக்ட்ஸும் குறைந்த உழைப்பில் அதே பலனைத் தருகின்றன. மேக்கும் சேரும்போது, ஈக்யூ எண்களில் அக்கறையும் டெர்மினலில் பழக்கமும் உள்ளவருக்குக் கமிலாவுக்கு இணையாக இலவசத்தில் ஒன்றும் இல்லை. புதிதாக டிஏசி வாங்க எண்ணியிருப்பவர் மட்டும், வாங்குமுன், ஈக்யூவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சாதனங்களையும் பார்த்துவிட வேண்டும். குடெலிக்ஸ் 5கே பத்து பேண்ட் பாராமெட்ரிக் ஈக்யூவைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. விலை மிகுந்த ஆர்எம்ஈ ஏடிஐ-2 டிஏசியில் ஐந்து பேண்ட் உண்டு. யுஎஸ்பி கம்பியை எந்தக் கணினியில் செருகினாலும் ஈக்யூ கூடவே வரும். ஐந்து பேண்டுக்குள் ஆட்டோஈக்யூ கோப்பு அடங்காது என்பதால், ஏடிஐ-2 வாங்குபவர்கள் பேண்ட் எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்துப் புதிய கோப்பை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஆட்டோஈக்யூவின் இணையச் செயலியில் அதற்கு வழி இருக்கிறது.